இழை: 'செக்சுவல் செலக்சன்' – பால் தேர்வா, பாற்றெரிவா?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் நூலின் மீன் அத்தியாயம் வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் வண்டி நின்றுவிட்டது: 'செக்சுவல் செலக்சன்' (இணைக்கான போட்டியிலும் விருப்பத்திலும் வெல்லும் பண்புகள் தலைமுறைகளில் பரவுவது), 'ஸ்னீக்கர்' (பதுங்கியிருந்து, பிற ஆணின் கூட்டில் விடப்படும் முட்டைகளைக் கருவுறச் செய்யும் ஆண்). முதல் படியில் 'பாலினத் தேர்வு' என்று இருக்கிறது. செய்தித்தாள் படிப்பவருக்கு அது கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிற குற்றம். 'பால் தேர்வு' என்று சுருக்கினால் பாலின் தரம் பார்க்கும் லாக்டோமீட்டர் நினைவுக்கு வருகிறது. உதவுங்கள்.

புலவர்:
அம்மா, பால் என்றதும் கறவை மாடு நினைவுக்கு வருவது சொல்லின் குற்றமன்று. பகு என்னும் வேரில் பிறந்தது பால். பகுப்பு, கூறு என்பதே முதற்பொருள். ஐம்பாலும் அப்படி வந்ததே. தொல்காப்பியக் களவியலில் 'உயர்ந்த பாலது ஆணையின்' என்னும் இடத்தில் அதுவே ஊழையும் குறிக்கும். பகுப்பும் ஊழும் ஒரு சொல்லில் அமைந்திருக்க, வேறு எதற்கு? தேர்வு என்பது இன்று பரீட்சை ஆகிவிட்டதால் தெரிவு என்க. பால் + தெரிவு = பாற்றெரிவு. லகரம் றகரமாகும், வரும் தகரமும் றகரமாகும். கல் + தீது கற்றீது ஆவதுபோல.

அயிரை:
> பாற்றெரிவு

ஐயா, மாணவர் இதைப் 'பாற்று எரிவு' என்று பிரித்து வயிற்றெரிச்சலுக்கு மருந்து தேடுவார். இன்னொன்று: முதிர்ந்த ஆண் கெண்டையின் வயிற்றை மெல்ல அமுக்கினால் விந்து பால் போலத்தான் வழியும். குஞ்சுப் பண்ணையில் 'பால் தேர்வு' என்று சொன்னால் அதைச் சோதிப்பது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

வேர் பார்ப்பதற்கு முன் கருத்தைப் பார்த்துவிடுவோம். டார்வின் 1871இல் இதை இரண்டாகக் காட்டினார்: ஒரு பாலுக்குள் நடக்கும் போட்டி ஒன்று, எதிர்ப்பால் தெரிந்தெடுப்பது மற்றொன்று. இரண்டையும் தாங்காத சொல் பயன்படாது.

நெய்தல்:
இலங்கைப் பாடநூல்களில் 'செக்ஸ்' என்பதற்கு இலிங்கம் என்றே எழுதுகிறோம். இலிங்கமுறை இனப்பெருக்கம் என்பது எல்லா மாணவருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அது கோயிலுக்குள் போய்விடும் என்பதால் வற்புறுத்தவில்லை. ஆனால் 'தெரிவு' எங்களுக்கு அன்றாடச் சொல். 'இணைத்தெரிவு' என்று வைத்தால் என்ன? இலகுவாக விளங்கும்.

அயிரை:
விளங்கும், ஆனால் பாதிதான் விளங்கும். கயலின் அத்தியாயத்தில் உள்ள மீனையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் ஒண்டாரியோவின் ஒப்பினிகான் ஏரியில் புளூகில் என்னும் நன்னீர் மீனை உயிரியலாளர் மார்ட் கிராஸ் ஆய்ந்தார். கூடு கட்டும் ஆண் முதிர ஏறத்தாழ 7 ஆண்டு ஆகும். ஆழமில்லாத நீரில் வாலால் மண்ணைத் துடைத்துத் தட்டுப் போலக் குழி செய்து, முட்டைக்கு விசிறி, காவல் இருக்கும். ஆண்களில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வழிக்கே வராது. 2 வயதில் முதிர்ந்து, உடலளவுக்கு மிஞ்சிய விந்தகத்தோடு களைச்செடிக்குள் காத்திருக்கும். பெண்மீன் சாய்ந்து சாய்ந்து, ஒரு சாய்வுக்குச் சுமார் 30 முட்டை விடும். அந்த நொடியில் இந்தச் சிறிய ஆண் பாய்ந்து விந்தைத் தூவிவிட்டு ஓடும். அதே மீன் 4, 5 வயதில் பெண்ணின் நிறமும் நடத்தையும் காட்டி, இணைக்கு நடுவில் மெல்லப் புகும். கூடு கட்டும் ஆணாக ஒருபோதும் மாறாது.

இங்கே பாய்ந்து வருவதை யாரும் இணையாகத் தெரிந்தெடுக்கவில்லை. போட்டி விந்தணுக்களுக்கு இடையே நடக்கிறது. உயிரியலாளர் ஜியாஃப் பார்க்கர் 1970இல் பூச்சிகளை வைத்துச் சொன்னது இதைத்தான். 'இணைத்தெரிவு' என்று எழுதினால் அத்தியாயத்தின் நடுப்பகுதியே தலைப்புக்கு வெளியே போய்விடும்.

'ஆண் போட்டியிடும், பெண் தேரும்' என்று ஒலிக்கும் சொல்லும் வேண்டாம். கடற்குதிரையின் உறவான குழல்மீனில் ஆண்தான் கருவைச் சுமக்கும். அகன்ற மூக்குக் குழல்மீனில் இணைகளின் எண்ணிக்கையைக் கிடையச்சிலும் குட்டிகளின் எண்ணிக்கையைக் குத்தச்சிலும் வைத்து வரைந்தால், பெண்ணின் கோடுதான் கூடுதல் சரிவு; அதாவது இணை கூடினால் அதிகப் பயன் பெண்ணுக்கே. போட்டி அங்கே பெண்களுக்குள்.

கயல்:
அந்தக் குத்தச்சுக்கு 'இனப்பெருக்க வெற்றி' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

புலவர்:
வெற்றி போர்க்களத்துச் சொல். ஈட்டுவது ஈட்டம்; மகவு + ஈட்டம் = மகவீட்டம் என்க.

அயிரை:
'இனப்பெருக்க வெற்றி' இருக்கட்டும், எல்லாருக்கும் தெரியும். எதை எண்ணினார்கள் என்பதை மட்டும் அச்சின் பெயரிலேயே எழுதுங்கள்: கூட்டிலுள்ள முட்டையா, பொரித்த குஞ்சா, கூட்டை விட்டு நீந்திப் போன குஞ்சா. புளூகிலில் கூட்டை வைத்து எண்ணினால் காவல்காரன் கணக்கில் திருடனின் பிள்ளையும் சேரும். மரபணுவால் தகப்பனைப் பிரித்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். மீனுக்கே ஓரளவு கணக்குத் தெரியும்: பிரையன் நெஃப் 2003இல் காட்டியபடி, முட்டையிடும்போது பதுங்கும் ஆண்களைக் கண்ணில் பட வைத்தால் கூட்டுக்காரன் முட்டைக்காவலைக் குறைக்கிறது. பொரித்த பின் வாசனையால் தன் குஞ்சை அறிந்து மறுபடி சரிசெய்கிறது.

நெய்தல்:
அப்படியானால் 'பால்வழித் தெரிவு'. வழி என்பது போட்டி, விருப்பம், விந்து மூன்றையும் ஏற்கும். கருத்தடைச் சட்டத்தோடும் குழம்பாது.

கயல்:
(கருக்கலைப்பு என்று சொல்ல வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.) நன்றாக இருக்கிறது. ஆனால் 'நேச்சுரல் செலக்சன்' பள்ளிநூலிலேயே 'இயற்கைத் தேர்வு' ஆகிவிட்டது. ஒன்று தேர்வு, மற்றது தெரிவு என்றால் மாணவர் இரண்டையும் வேறு வேறு என்று எண்ணுவார். 'பால்வழித் தேர்வு' என்று போடுகிறேன்.

இனி ஸ்னீக்கர்.

புலவர்:
இதற்கு அகராதியே வேண்டா. கள்வன்! குறுந்தொகை 25இல் தலைவி 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்கிறாள். சாட்சி ஒரு குருகு. அதுவும் ஓடுநீரில் ஆரல் மீனையே பார்த்து நிற்கிறது. மீனுக்கும் களவுக்கும் அன்றே உறவு. கூடு கட்டுவது கற்பு, பாய்ந்து வருவது களவு.

அயிரை:
களவியலின் தலைவனைத் தலைவி விரும்புகிறாள், ஐயா. இந்த மீன் பெண்ணைக் கவர எதுவும் செய்வதில்லை. கோஹோ சால்மனிலும் 2 வயதில் திரும்பும் சிறு ஆண் கல்லிடுக்கில் கிடந்துதான் வேலையை முடிக்கிறது. அதைக் களவு என்றால் அகத்திணைக்கு இழுக்கு.

புலவர்:
சரி, கரவு, அதாவது மறைவு. கரவு + ஆண் = கரவாண்.

கயல்:
கரவு எத்தனை மாணவருக்குத் தெரியும், ஐயா? 'பதுங்காண்' என்று யோசித்தேன். அச்சுக்கோப்பில் ணகரம் னகரமாகிவிட்டால் 'பதுங்கான்', அதாவது பதுங்கமாட்டான். ஒரே எழுத்தில் பொருள் தலைகீழ். அதனால் 'பதுங்கு ஆண்' என்று பிரித்தே எழுதுகிறேன். பெண்போல நடிப்பதற்குப் 'பெண்வேடன்' வேண்டாம். அது வேட்டைக்காரன் ஆகிவிடும். 'பெண்போலி' போதும்.

நெய்தல்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் 'தெரிவு' என்பதே சரி என்ற என் கருத்து மாறவில்லை. எங்கள் பதிப்பு வந்தால் மாற்றிக்கொள்வோம்.

புலவர்:
'பதுங்கு ஆண்' இலக்கணப் பிழை. உயிர் வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும். இடைவெளி விட்டால் புணர்ச்சி நின்றுவிடுமா?

அயிரை:
புளூகிலுக்கு வெளிக்கருவுறுதல்தானே, ஐயா. மீனுக்கே இல்லாத புணர்ச்சி பெயருக்கு எதற்கு?

புலவர்:
கேலி இருக்கட்டும். 'பெண்போலி'யில் போலி என்பது இலக்கணப்போலியா, கள்ளப்போலியா என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.

கயல்:
நாளை சனி, ஐயா. கோப்பு போய்விட்டது.