காளான் பயிற்சி முடித்து ஐந்து மாதம்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

புதுக்குடில்:
சிப்பிக்காளான் பயிற்சி முடித்து ஐந்து மாதம் ஆகிறது. குடில் போட்டு முதல் தடவையே 60 படுக்கை (வைக்கோலும் காளான் வித்தும் அடுக்கிய பை) கட்டினேன். பன்னிரண்டாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் பச்சைப் பூசணம். கூடப் படித்தவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். எனக்கு விட மனமில்லை. நிலைத்து நின்றவர்கள் சொல்லுங்கள், உங்களுக்குக் கைகொடுத்தது எது? கடனா, சந்தையா?

பழையபண்ணை:
தம்பி, முதல் தடவைக்கு 60 அதிகம். எனக்குக் கைகொடுத்தது ஓர் ஆள். எனக்கு முன்பே காளான் போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை என் குடிலுக்கு வந்து பார்த்தார். வைக்கோலில் 65 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் எழுதிக்கொண்டேன். அதைக் கையால் எப்படி அறிவது? அக்கா ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. "இன்னும் உலரட்டும்" என்றார். நிழலில் பரப்பி வைத்து மறுபடி பிழிந்தபோது சொட்டு விழவில்லை, உள்ளங்கை மட்டும் நனைந்தது. அதுதான் பதம். உங்கள் பூசணத்துக்கும் அதிக ஈரம், சரியாக வேகாத வைக்கோல், பழைய வித்து இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

அப்புறம் விற்பனை. சிப்பிக்காளானைப் பறித்து வெளியில் வைத்தால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். வாங்குகிறவர் யார் என்று உறுதியான பிறகே வித்துக்குச் சொல்லுங்கள். நான் பத்துப் படுக்கையில் தொடங்கி, அவர்கள் கேட்கக் கேட்கத்தான் கூட்டினேன். கடன் இரண்டாம் வருடம்தான் வாங்கினேன்.

தேன்கூடு:
நான் தேனீ வளர்க்கிறேன். பூ இல்லாத மாதத்தில் பெட்டியை எப்படிக் காப்பாற்றுவது என்பது ஒரு வார வகுப்பில் புரியவே புரியாது. 1989இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், நெல் பருவம் முழுக்க வாராவாரம் வயலிலேயே கூடிப் படித்தார்கள். அப்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒருவர் குடிலை ஒருவர் பார்த்துக்கொள்ளலாமே. விட்டுப்போனவர்களையும் கூப்பிடுங்கள்.

புதுக்குடில்:
இப்போதுதான் ஒரு பிடி பிழிந்து பார்த்தேன். சொட்டுகிறது! அண்ணா, வைக்கோலை வெந்நீரில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

பழையபண்ணை:
80 டிகிரியில் ஒரு மணி நேரம். கட்டாயம் வெப்பமானி வைத்துப் பாருங்கள். பச்சை பிடித்த படுக்கைகளைக் குடிலை விட்டுத் தள்ளிக் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். அடுத்து பத்து மட்டும் கட்டுங்கள். கட்டும் அன்று படம் போடுங்கள், பார்க்கிறேன்.