உதவி: 5 டன் இங்காட், ஃபோர்ஜ் பண்ணின பிறகு நடுவில் யூடி இண்டிகேஷன். ஹாட் டாப் பெருசாக்கியும் போகல

அச்சுப்பெட்டி
அவசரம். 5 டன் உருக்கு இங்காட் (அச்சுல ஊத்தி உறையவைக்கிற கட்டி) ஊத்துறோம். ஃபோர்ஜ் பண்ணி (சூடாக்கி அடிச்சு நீட்டி) யூடி (அல்ட்ராசோனிக் சோதனை) போட்டா நடுவுல இண்டிகேஷன் (உள்ளே குறை இருக்குன்னு காட்டுற சிக்னல்) வருது. எல்லா ஹீட்லயும் (ஒரு தடவை உருக்கி ஊத்துறது) இல்ல, ஆனா பாதிக்கு மேல. பைப்னு (உறையும்போது சுருங்கி மேலே இருந்து இறங்குற குழி) நினைச்சு ஹாட் டாப்பை (கடைசி வரை சூடா வைக்கிற இங்காட்டோட தலை) 12 சதவீதத்துல இருந்து 16 ஆக்கிட்டோம். ஒரு மாற்றமும் இல்ல. வேற என்ன பண்ணலாம்? நாளைக்கு அடுத்த ஹீட்.

ஸ்லாக்வரி
என்ன கிரேடு? மேலே இருந்து ஊத்துறதா, அடியில் இருந்து ஏத்துறதா? டீகேஸிங் (வெற்றிடத்துல வாயு எடுக்கிறது) உண்டா? ஊத்தும்போது லேடில்ல (உருக்கு வாளி) என்ன வெப்பம்? "நடுவுல"ன்னா குறுக்குவெட்டில் நடுவா, நீளத்தில் நடுவா?

ஹைட்ரஜன்_வேட்டை
ஹைட்ரஜன்தான், ஈரத்துல இருந்து உருக்கில் ஏறி உள்ளே விரிசல் விடுது. "எல்லா ஹீட்லயும் இல்ல"ன்னு சொல்றீங்களே, அதுவே சாட்சி. ஒருநாள் சுண்ணாம்பு ஈரம், ஒருநாள் ஃபெர்ரோ அலாய் ஈரம், ஒருநாள் ரன்னர் செங்கல் (அச்சுக்கு உருக்கு ஓடுற வழி) காயல. சுண்ணாம்பு ஒருதடவை நீர்த்துப் போனா வெயிலில் காயவைச்செல்லாம் பிரயோஜனம் இல்ல, அந்தத் தண்ணி போக 500 டிகிரியாவது வேணும். டீகேஸ் பண்ணாத ஆர்க் ஃபர்னஸ் உருக்கில் ஹைட்ரஜன் 4, 5 பிபிஎம் (பத்து லட்சத்துல 4, 5 பங்கு) சர்வசாதாரணம். 2-க்குக் கீழே கொண்டுவாங்க, பிரச்சினை தீரும்.

உலோகவியல்_பழையவன்
கேள்வி கேட்கும் முறையே சரியில்லை. மருத்துவரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பதுபோல இருக்கிறது. ஹாட் டாப், உறைதல், பைப் என்பதெல்லாம் உலோகவியலில் முதல் பாடம். 16 சதவீதம் போதவில்லை என்றால் 20 வையுங்கள். ஆண்டிபைப்பிங் பவுடரை (தலையின் சூட்டைக் காக்கும் பொடி) தாராளமாகப் போடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

கரண்டிக்காரன்
பழையவரே, 12-ல் இருந்து 16-க்குப் போயும் அசையாதது 20-ல் ஏன் அசையணும்? முதல்ல அந்த ஹாட் டாப்பை நெடுக்கா வெட்டினா உள்ளே எப்படி இருக்குன்னு அவர் சொல்லட்டும். ஆழமா கேரட் மாதிரி குழி இறங்கியிருந்தா ஒரு கதை. ஆழமில்லாம தட்டு மாதிரி இருந்தா முழுக்க வேற கதை.

அச்சுப்பெட்டி, அச்சோட அளவும் சொல்லுங்க: மேல் அகலம், கீழ் அகலம், உயரம், எந்த முனை பெரிசு. அதில்லாம இங்க எல்லாரும் இருட்டுல கம்பு சுத்துறோம்.

அச்சுப்பெட்டி
சாரி சார், ஷிஃப்ட்ல இருந்தேன்.
கிரேடு 4140 (குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கு). அடியில் இருந்து ஏத்துறது, ஒரு பிளேட்ல நாலு அச்சு. பெரிய முனை மேலே. உள்ளளவு மேலே 580, கீழே 540, பாடி (ஹாட் டாப்புக்குக் கீழ்ப்பகுதி) உயரம் 2200, எல்லாம் மிமீ. டீகேஸிங் உண்டு, 1 மில்லிபாருக்குக் கீழே 15 நிமிஷம். லேடில் 1580. பாடி நிரம்ப 7 நிமிஷம், ஹாட் டாப் 1½ நிமிஷம். ஹாட் டாப் வெட்டினா தட்டு மாதிரிதான் இருக்கு, அழகா இருக்கு. ஊத்தி முடிச்சு 1 மணி 15 நிமிஷத்துல தூக்கி ஸ்ட்ரிப்பிங் (அச்சைக் கழட்டுற) பக்கம் வைப்போம். ஃபோர்ஜ் பண்ணி 300 மிமீ ரவுண்டு.

கரண்டிக்காரன்
இப்பதான் பேச முடியும். இண்டிகேஷன் பாரோட நீளத்தில் எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது? சரியா குறுக்குவெட்டோட மையத்துலயா, பாதி ஆரத்துல பரவலாவா?

அச்சுப்பெட்டி
பார் கிட்டத்தட்ட 9 மீட்டர் வரும். ஹாட் டாப் பக்க முனையில் இருந்து 2.5ல ஆரம்பிச்சு 6 வரைக்கும். சரியா நடுவுல, ஒரே கோடு.

கரண்டிக்காரன்
அந்த 9 மீட்டரை 2200 மிமீ இங்காட்டுக்குத் திருப்பிப் போடுங்க. 2.5 மீட்டர்ங்கிறது பாடியின் மேல் விளிம்பில் இருந்து 600 மிமீ. 6 மீட்டர்ங்கிறது 1450. ஆக, மேல் 600 மிமீ சுத்தம், அடி 750 மிமீ சுத்தம், நடுவுல 850 மிமீ மட்டும் சொத்தை. ஹாட் டாப் பத்தாம போன பைப் மேலே இருந்து தொடர்ச்சியா இறங்கும். மேல் 600 மிமீயை விட்டுட்டு குதிக்காது. உங்க ஹாட் டாப்ல மெட்டல் இருக்கு, சூடும் இருக்கு. அது கீழே போக வழிதான் இல்ல.

காரணம் உங்க அச்சு. சராசரி அகலம் 560, உயரம் 2200, விகிதம் 3.9. சரிவு பாருங்க: 40 மிமீ வித்தியாசத்தை ரெண்டு பக்கத்துக்குப் பிரிச்சா பக்கத்துக்கு 20, அதாவது 0.9 சதவீதம். ஏறக்குறைய நேர்க்குழாய். நாலு பக்கச் சுவரும் ஒரே வேகத்துல உள்ளே வளர்ந்து, நடுவுல நீளமா ஒரு ஒல்லியான திரவக் குழல் மிஞ்சும். அதுல ஒரு இடத்துல படிகங்கள் கைகோத்துட்டா பாலம் விழுந்த மாதிரி. பாலத்துக்குக் கீழே உறையுற மெட்டல் 3 சதவீதம் சுருங்கும், ஈடுகட்ட மேலே இருந்து ஒரு சொட்டும் வராது. அதுதான் உங்க கோடு. ஹாட் டாப்பை 30 சதவீதம் ஆக்கினாலும் இதே கதிதான்.

ஹைட்ரஜன்_வேட்டை
டீகேஸிங் பண்ணினா மட்டும் போச்சா? அதுக்கப்புறம் ரன்னர் செங்கலும் ஹாட் டாப் போர்டும் ஈரமா இருந்தா திரும்பி ஏறாதா? ஏறும்.

ஸ்லாக்வரி
ஏறும், ஒத்துக்கிறேன். ஆனா ஃப்ளேக் (ஹைட்ரஜன் விடுற விரிசல்) ஒரே கோட்டுல மையத்துல உட்காராது. மையத்துல இருந்து பாதி ஆரம் வரை சிதறிக் கிடக்கும், வெளித்தோல் பக்கம் இருக்காது. அதைவிட, ஃப்ளேக் உடனே தெரியாது. 200 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகு மெல்ல மெல்லத் திறக்கும். ஒரே பாரை ஆறின அன்னைக்கும் ஒரு வாரம் கழிச்சும் ஸ்கேன் பண்ணட்டும். எண்ணிக்கை கூடினா நீங்க ஜெயிச்சீங்க.

அச்சுப்பெட்டி, 4 மீட்டர் இடத்துல 25 மிமீ பில்லை ஒண்ணு வெட்டி, பாதிக்குப் பாதி ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த தண்ணியில 70, 80 டிகிரியில் அரைமணி நேரம் போடுங்க. நடுவுல கடற்பஞ்சு மாதிரி குழிகள்னா சுருக்கம். மயிரிழை மாதிரி குட்டிக்குட்டி விரிசல்னா ஃப்ளேக். சந்தேகம் தீரலைன்னா அந்தப் பில்லையைக் கடினப்படுத்தி உடைங்க, ஃப்ளேக் வெள்ளி மாதிரி பளபளன்னு தெரியும்.

நீராவிச்சுத்தி
எல்லாரும் ஹாட் டாப்பையே கட்டிக்கிட்டு அழறீங்க. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டுலேயே வழி சொல்லிட்டாரு: உருக்கு திரவமா இருக்கும்போதே அச்சோட சேர்த்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்து. பாலமும் நொறுங்கும், குழியும் மூடும். அதை ஏன் யாரும் இப்ப பேசறதில்ல?

ஸ்லாக்வரி
பேசாததுக்குக் காரணம் இருக்கு. வாயு வெளியே போகல, அழுத்தத்துல உள்ளேயே கரைஞ்சு கிடக்கும். ஹைட்ரஜன் கரைதிறன் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோட ஏறும். அப்புறம் ஃபோர்ஜ் ஆகி ஆறும்போது வேலையைக் காட்டும்.

நீராவிச்சுத்தி
இப்ப டீகேஸிங் இருக்கே. வாயுவை அங்க எடு, குழியை இங்க அழுத்து. என்ன தப்பு?

உலோகவியல்_பழையவன்
தப்பு என்னவென்றால், பாதி உறைந்த இங்காட்டின் மையத்தில் இருப்பது சாதாரண உருக்கு அல்ல. கார்பனும் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்து செறிந்த மிச்சம். அழுத்தினால் அது படிகங்களுக்கு நடுவே பிதுங்கி வேறிடம் போய் உறையும். குழியை மூடி செக்ரிகேஷனை (கலவை ஓரிடத்தில் செறிந்து நிற்பதை) வாங்கிக்கொள்வீர்கள். நேரம் கொஞ்சம் பிசகினால் உறைமுகப்பில் விரிசலும் உண்டு. உலோகவியலாளர் ஹாட்ஃபீல்ட் அழுத்தவில்லை, மேலே கரியைக் கொட்டிக் காற்றூதித் தலையைச் சூடாக வைத்தார். தலையைச் சூடாக வைக்கும் அந்த வழிதான் நிலைத்தது.

நீராவிச்சுத்தி
தொடர்வார்ப்பில் (இங்காட் இல்லாம தொடர்ச்சியா வார்க்கிறது) கடைசி நேரத்துல ரோலரால லேசா நெரிக்கிறாங்களே, அது மட்டும் எப்படி?

உலோகவியல்_பழையவன்
அங்கே நெரிப்பது சில மில்லிமீட்டர். சுருக்கத்தை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும். விட்வொர்த் பிரஸ்ஸோடு ஒப்பிடுவது யானையையும் எறும்பையும் ஒரே தராசில் வைப்பது.

கரண்டிக்காரன்
ரெண்டு பேரும் தனி இழை போடுங்க. இவருக்கு நாளைக்கு ஹீட்.

அச்சுப்பெட்டி, புது அச்சு வார்க்க மாசக்கணக்காகும். அதுவரைக்கும் செய்யக்கூடியது: ஹாட் டாப் ஸ்லீவை (சூடு காக்குற உறை) அச்சோட வாயில் உட்கார வைக்காம, கொக்கி போட்டு 300 மிமீ உள்ளே இறக்கித் தொங்கவிடுங்க. பாடி 1900 ஆகும், விகிதம் 3.4. இங்காட் ஒண்ணுக்கு சுமார் 700 கிலோ குறையும். மனசு கேட்காது, ஆனா 850 மிமீ சொத்தையை ஸ்கிராப்பில் போடறதுக்கு இது தேவலை. ஸ்லீவுக்கும் அச்சுச் சுவருக்கும் நடுவே இடைவெளி விடாதீங்க, மெட்டல் அதுல ஏறி உறைஞ்சா இங்காட் அச்சுல தொங்கும். சுருங்க முடியாம தோள்பக்கம் கிழியும்.

அடுத்து வெப்பம். 4140-க்கு லிக்விடஸ் (உறைய ஆரம்பிக்கிற வெப்பம்) எவ்வளவுன்னு கணக்குப் போட்டீங்களா? 1536-ல் இருந்து கார்பனுக்கு ஒரு சதவீதத்துக்கு 78, சிலிக்கான் 7.6, மாங்கனீஸ் 4.9, குரோமியம் 1.3, மாலிப்டினம் 2, பாஸ்பரஸ் 34, கந்தகம் 30 வீதம் கழிச்சா 1495 வரும். நீங்க 1580-ல் ஊத்துறீங்க, 85 டிகிரி அதிகம். நீளத் தூண் படிகங்கள் நடு வரைக்கும் வளர்ந்து மூக்கோடு மூக்கு முட்டும். பாலம் விழ இதைவிட வசதி வேணுமா? லேடில்ல 1550-க்கு இறக்குங்க.

ரன்னர்_செங்கல்
1550-க்கு இறக்குறதோட, ஏத்துற வேகத்தையும் குறைக்கச் சொல்லுங்க. 2200-ஐ 7 நிமிஷம்னா நிமிஷத்துக்கு 314 மிமீ. 220 பக்கம் வரணும்.

கரண்டிக்காரன்
ஒரே நேரத்துல ரெண்டும் வேணாம். குளிர்ச்சியாவும் ஊத்தி மெதுவாவும் ஏத்தினா மேல்பரப்புல தோல் கட்டி மடியும், மெட்டல் மேல மிதக்கிற பவுடர் உருகாம கட்டியா நிக்கும். இங்காட் முழுக்க மடிப்புத் தழும்பு. முதல்ல வெப்பத்தை இறக்கட்டும், வேகம் 280 பக்கம் இருக்கட்டும். ஹாட் டாப்ல நுழையும்போது மட்டும் பாதி வேகத்துக்குக் குறைக்கட்டும். தலைக்குள்ள போற மெட்டல்தான் கடைசியா சூடா இருக்கணும்.

அப்புறம் அந்த 1 மணி 15 நிமிஷம். பாதி அகலம் 280. உறைஞ்ச சுவர் நிமிஷக் கணக்கின் வர்க்கமூலத்துக்கு 26 மிமீ வீதம் வளரும்னு வைச்சா, ரெண்டு பக்கம் மட்டும் உறையுற பலகைக் கணக்குல 116 நிமிஷம். சதுரம் கொஞ்சம் முன்னாலயே முடியும், ஆனா ஹாட் டாப் கடைசியா முடியும். 2 மணி நேரத்துக்கு முன்னாடி கிரேன் கொக்கி அச்சு மேல படக்கூடாது.

உலோகவியல்_பழையவன்
வெப்பம், உயரம், காத்திருப்பு என மூன்றையும் ஒரே ஹீட்டில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. அடிப்படை சோதனை முறை இது. ஒரே பிளேட்டில் நாலு அச்சு இருக்கிறதே, இரண்டில் ஸ்லீவை இறக்குங்கள், இரண்டைப் பழையபடி விடுங்கள். ஒரே லேடில், ஒரே வெப்பம், ஒரே ஹைட்ரஜன். வேட்டைக்காரரின் வாதமும் அதோடு அடிபடும். இறக்கிய இரண்டில் மெட்டல் 300 மிமீ குறைவாக நிற்கட்டும்.

ரன்னர்_செங்கல்
நல்ல யோசனை, கடைசி வரியைத் தவிர. நாலும் ஒரே ட்ரம்பெட்ல (உருக்கு இறங்குற நடுக்குழாய்) இருந்து ரன்னர் வழியா ஏறுது சார். நாலுலயும் மட்டம் ஒண்ணாத்தான் ஏறும், ரெண்டுல மட்டும் 300 குறைவா எப்படி நிறுத்துவீங்க?

உலோகவியல்_பழையவன்
அது தெரிந்த விஷயம்தான். சோதனையின் தத்துவத்தைச் சொன்னேன்.

ரன்னர்_செங்கல்
அதனால இறக்குற ரெண்டுல ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு ஸ்லீவ் வைங்க. கீழே 300 உள்ளே இறங்கினது, அதுக்கு மேலே வழக்கமானது. மட்டம் நாலுலயும் ஒண்ணா முடியும். அந்த ரெண்டோட தலை தேவைக்கு மேல பெரிசா இருக்கும், சோதனைக்கு மட்டும்தானே, போகட்டும். ரெண்டு ஸ்லீவும் சேர்ற இடத்துல பேஸ்ட் பூசிக் காயவைங்க. காயாம ஊத்தினா கொதிக்கும்.

தட்டுமுட்டு
ஃபோர்ஜ் பக்கத்தையும் பாருங்க. 560-ல் இருந்து 300 ரவுண்டுன்னா குறைப்பு விகிதம் 4-க்கு மேல. காத்து நுழையாத குழி 3-லேயே மூடி ஒட்டியிருக்கணும். மூடலைன்னா ஃபோர்ஜ் அடியோட அழுத்தம் மையத்துக்குப் போகல. டை (உருக்கை அடிக்கிற கருவி) அகலத்துக்கும் உருப்படியின் உயரத்துக்கும் விகிதம் 0.5-க்கு மேல இருக்கா? ஒரு அடிக்கு எவ்வளவு குறைக்கிறீங்க? 5 சதவீதம் 5 சதவீதமா தட்டினா தோல்தான் நீளும், நடு அப்படியே இழுபடும். 15, 20 வேணும். மையம் வரைக்கும் சூடு ஏறிச்சான்னும் பாருங்க.

அச்சுப்பெட்டி
டை அகலம் 250 சார். ஒரு அடிக்கு 8, 10 சதவீதம் குறைப்போம். ரெண்டு ஸ்லீவ் ஐடியா பண்றோம். நன்றி.

தட்டுமுட்டு
560 உயரத்துக்கு 250 டைன்னா 0.45தான். முதல் ரெண்டு பாஸ்லயாவது அகல டை போடுங்க.

ஹைட்ரஜன்_வேட்டை
பில்லை வெட்டினீங்களா? ஒரு வாரம் கழிச்சு ஸ்கேன்?

அச்சுப்பெட்டி
அப்டேட். 1552-ல் ஊத்தினோம், 2 மணி நேரம் தொடல. ஸ்லீவ் இறக்கின ரெண்டும் நடுவுல கிளியர். பழைய மாதிரி விட்ட ரெண்டுலயும் கோடு இருக்கு, ஆனா நீளம் குறைஞ்சிருக்கு, 3.5ல இருந்து 5 வரைக்கும்தான். பில்லையில பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு. எல்லாருக்கும் நன்றி. இறக்கினதுல ஒண்ணுல மட்டும் அடி முனையில புதுசா சின்னச் சின்ன இண்டிகேஷன், நடுவுல இல்ல, ஒரு பக்கமா. அது என்னன்னு பாக்கணும்.

ரன்னர்_செங்கல்
அடி முனையில் இருந்து எத்தனை மிமீ? பவுடர் பையை அடித்தட்டுல இருந்து எவ்வளவு உயரத்துல கட்டினீங்க? தட்டுல உட்கார்ந்திருந்தா முதல் மெட்டல் பீச்சும்போதே உள்ளே வாரிக்கிட்டுப் போகும். 250 மிமீயாவது மேலே தொங்கணும். அந்த அச்சுக்குப் போற ரன்னர் செங்கல்ல வெடிப்பு ஏதாவது?

ஸ்லாக்வரி
லேடில் நாசிலுக்கும் (ஊத்துற துளை) ட்ரம்பெட்டுக்கும் நடுவே காத்து படாம ஆர்கான் மூடாக்கு உண்டா? முன்னாடியே கேட்டிருக்கணும்.

ஹைட்ரஜன்_வேட்டை
ஒரு வார ஸ்கேன் இன்னும் வரல.