விசாவுக்குக் காட்டிய பணத்தில் அப்பா கை வைத்துவிட்டார், அவசரம்

காசிமேடு_21 (ஜூன் 19, இரவு 11.40)
செப்டம்பரில் முதுகலை சேர வேண்டும். வங்கிக் கணக்கில் 28 நாள் பணம் வைத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். நேற்றோடு முடிந்தது. இன்று ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தால் அப்பா நடுவில் 60,000 எடுத்திருக்கிறார். திரும்பப் போட்டும்விட்டார். நாளை விண்ணப்பித்துவிடலாமா? ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

பெரம்பூர் லோகோ
எந்த நாடு தம்பி?

வண்ணைவாசி
ஜெர்மனி என்றால் இந்தத் தலைவலியே இல்லை. பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ (2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை) போட்டுவிட்டால் அப்பா நினைத்தாலும் எடுக்க முடியாது.

கல்மண்டபம்
பணத்தை விடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியா? நம் ஊர் இனிஷியல்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

மூத்தவன்
பதினோரு வருடமாக இங்கே இதையே பார்க்கிறேன். நாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் பதில் கேட்பது, விதிகளை ஒரு முறைகூடப் படிக்காமல் ஏஜென்ட்டை நம்புவது. விசாவுக்கு வைத்த பணத்தை எடுக்கும் குடும்பத்துக்கு வெளிநாட்டுப் படிப்பு எதற்கு?

மணலி அக்கா
அவர் கிடக்கட்டும். 28 நாள் என்பதால் பிரிட்டன் என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்த தேதி, போட்ட தேதி, கணக்கு யார் பெயரில், எடுத்த பிறகு மீதி எவ்வளவு? நான்கையும் சொல்லுங்கள்.

காசிமேடு_21
ஆமாம் அக்கா, பிரிட்டன். அப்பா கணக்கு. மே 22-இல் போட்டது. ஜூன் 13 எடுத்து 17 போட்டார். தேவையான தொகையை மட்டும்தான் வைத்திருந்தோம்.

மணலி அக்கா
அப்படியென்றால் நாளை விண்ணப்பிக்காதீர்கள். 28 நாளில் ஒரு நாள்கூடத் தேவையான தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. 17-ஆம் தேதியை முதல் நாளாக வைத்துப் புதிதாக எண்ணுங்கள்: ஜூலை 14-இல் முடியும். அந்தத் தேதி வரைக்குமான ஸ்டேட்மென்ட்டை வாங்கி, அதிலிருந்து 31 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர வழக்கமாக மூன்று வாரம், செப்டம்பருக்குத் தாராளம். அப்பா கணக்கு என்பதால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவர் சம்மதக் கடிதமும் வேண்டும். காசநோய்ப் பரிசோதனையை அங்கீகரித்த மையத்தில் இந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள்.

வண்ணைவாசி
ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்களே? வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு எல்லாம் சேர்த்து வைத்தால் பலம்.

மணலி அக்கா
பத்திரமும் நகையும் இதில் பணமாகாது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய முன்பணம் சிஏஎஸ்-இல் (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்று) பதிவாகியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மூத்தவன்
இருந்தும் அந்த 60,000-க்கு அப்படி என்ன அவசரம் என்று யாரும் கேட்கவில்லை.

ராயபுரம் கரை
தேதியைப் பாருங்கள் ஐயா. ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 13-ஆம் தேதி விசைப்படகுக்கு டீசலும் ஐஸும் ஏற்றாமல் எப்படிக் கடலுக்குப் போவது? துறைமுகத்தில் அன்று ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. முதல் ஏலப் பணம் வந்ததும் மனிதர் அப்படியே திருப்பிக் கட்டியிருக்கிறார்.

மூத்தவன்
45 நாள் தடை, அதற்கு முன்கூட்டியே சேமிக்க முடியாதா?

ராயபுரம் கரை
61 நாள். 2017-இலேயே மாறிவிட்டது. விதிகளைப் படிக்கச் சொன்னவர் நீங்கள்தானே?

பெரம்பூர் லோகோ
:)

கல்மண்டபம்
பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்புக்கிலும் அப்பா பெயர் ஒன்றாக இருக்கிறதா? நான் முதலிலேயே சொன்னேன், பெயர்தான்.

மணலி அக்கா
இந்த முறை கல்மண்டபம் கேட்பது சரியான கேள்வி. தம்பி, பாருங்கள்.

காசிமேடு_21 (ஜூன் 21, காலை 6.15)
ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய்த் திருத்தக் கேட்கிறேன். ஜூலை 14 வரை இந்தக் கணக்கைத் தொடக் கூடாது என்று பாஸ்புக்கின் மேலட்டையில் பேனாவால் எழுதிவிட்டேன். அப்பா சிரிக்கிறார். நன்றி அக்கா.

வண்ணைவாசி
ஜெர்மனியையும் ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.