தற்காலிகக் கோப்பு: எச்சமா, சருகா?

அன்புள்ள நண்பர்களுக்கு, கோலாலம்பூரிலிருந்து வணக்கம்.

எங்கள் விளையாட்டு வழங்கிக்காக (சர்வர்) நாங்களே எழுதிவரும் நிர்வாகப் பலகையில் 'டெம்பரரி ஃபைல்' என்பதற்கு எந்தச் சொல்லை இடலாம் என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் 'தற்காலிகக் கோப்பு' என்றீர்கள். 'தற்காலிகம்' வடசொல் என்பதால் 'இடைக்காலக் கோப்பு', 'குறுங்காலக் கோப்பு' என்பவற்றை இருவர் முன்வைத்தீர்கள். வடசொல் என்பதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. மூன்று சொற்களுமே காலத்தை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன என்பதுதான் என் தயக்கம். இங்குள்ள பிள்ளைகள் பள்ளியில் கேட்கும் மலாய்ச் சொல்லான 'ஃபைல் செமந்தாரா'வும் அப்படியே. வழங்கியைப் பார்த்துக்கொள்பவருக்கோ, ஒரு கோப்பு எத்தனை நாள் இருக்கும் என்பதைவிட அதை நீக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதே முதலில் தெரியவேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு ஓர் இழப்புக்குப் பிறகே வந்தது. நாங்கள் நடத்துவது, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் லுவான்டி என்ற விளையாட்டின் வழங்கி. 2010இல் பின்லாந்தில் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024இல் பெயர் மாறிய அதே கட்டற்ற மென்பொருள்தான். அதில் வீரர்கள் அடுக்கும் ஒவ்வொரு கட்டையும், வேறு ஏற்பாடு செய்யாதவரை, எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்றில் சேர்கிறது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் வட்டு நிரம்பி வழங்கி நின்றுபோனது. உதவிக்கு இருந்த மாணவர், விளையாட்டு உலகத்தின் தரவு இருக்கும் உலகக் கோப்புறையில் 'ஜர்னல்' என்று முடியும் கோப்பு ஒன்றைக் கண்டு, அது தற்காலிகக் கோப்புதானே என்று நீக்கிவிட்டு வழங்கியை மீண்டும் இயக்கினார். உலகம் சிதைந்தது. முந்தைய இரவின் காப்புப்படியிலிருந்து மீட்டோம். அன்று பகல் முழுவதும் பிள்ளைகள் கட்டிய கோபுரம் போயிற்று. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஸ்கியூலைட்டின் ஆவணமே இதைத் தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அங்கே அவற்றில் 9 வகைகள் சொல்லப்படுகின்றன. முதல் வகையே இதுதான்.

இந்த ஜர்னல் கோப்பின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் சொல் அங்கிருந்துதான் பிறக்கவேண்டும். தரவுத்தளத்தின் ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன்னர், அதன் பழைய வடிவம் ஜர்னலில் எழுதப்படுகிறது; பின்னரே மாற்றம் செய்யப்படுகிறது. எல்லா மாற்றங்களும் வட்டில் பதிந்த பிறகு எஸ்கியூலைட் ஜர்னலை நீக்குகிறது. இயல்பான முறையில் அந்த நீக்கமே 'இந்தச் செயல் முடிந்தது' என்பதற்கு முத்திரை. இடையில் மின்சாரம் போனால் ஜர்னல் அப்படியே கிடக்கும். அடுத்த முறை தரவுத்தளத்தைத் திறக்கும்போது அதைப் படித்துத்தான் பழைய நிலை மீட்கப்படும். ஆகவே மென்பொருள் நீக்கினால் அது நிறைவு. நாம் நீக்கினால், பாதியில் நின்ற செயலை முடிந்ததாக நாமே பொய்யாக அறிவித்துவிடுகிறோம். செயல் ஒன்றே, செய்பவர் மாறினால் பொருள் தலைகீழாகிறது.

இதை எண்ணிக்கொண்டிருந்தபோது நம் இலக்கணத்தில் 'முற்று', 'எச்சம்' என்ற இணை நினைவுக்கு வந்தது. 'வந்து' என்பது எச்சம். அது தன்னை முடிக்கும் வினைக்குக் காத்து நிற்கிறது. 'வந்து' என்று எழுதி முற்றுப்புள்ளி இட்டால் வாக்கியம் முடிந்துவிடாது, உடைந்துபோகும். ஜர்னலை நீக்கிய மாணவர் செய்தது இதுவே. எனவே, ஒரு செயலின் முடிவுக்குக் காத்திருக்கும் கோப்பை 'எச்சக்கோப்பு' எனலாம் என்பது என் முன்மொழிவு. வழங்கியின் புதிய அமைப்புகளை (செட்டிங்ஸ்) முதலில் வேறு பெயருள்ள கோப்பில் எழுதி, முழுவதும் எழுதிய பின் உரிய பெயருக்கு மாற்றும் வழக்கத்திற்கும் இச்சொல் பொருந்தும்: பெயர்மாற்றம் நிகழும்வரை எச்சம், நிகழ்ந்தபின் முற்று.

பறவையின் எச்சமும் நினைவுக்கு வருமே என்று யாரேனும் கேட்பீர்கள். வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்த சொல்லை மறக்கமாட்டார்கள்.

பினாங்கு நண்பர் 'பந்தல் கோப்பு' என்று எழுதியிருந்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையோரம் எழும் தண்ணீர்ப் பந்தல்களை மனத்தில் வைத்து அவர் சொன்னது அழகாகவே இருக்கிறது. போட்டவரே பிரிக்கவேண்டும் என்ற கடமையும் அதில் அடங்கியிருக்கிறது. ஆயினும் பந்தலை எப்போது பிரிப்பது என்பதை நாள்காட்டி சொல்லிவிடும். எச்சக்கோப்பு எப்போது நீங்கவேண்டும் என்பதை வேலைதான் சொல்லும். நாள்கணக்கு எவ்வளவு துணைசெய்யாது என்பதற்கு லினக்ஸ் ஒரு சான்று. லினக்ஸின் பின்னணிப் பணிகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் மூல விதிப்படி, டெம்ப் அடைவில் (கோப்புறையில்) 10 நாள் தொடப்படாத கோப்பும், வார்-டெம்ப் அடைவில் 30 நாள் தொடப்படாத கோப்பும் நீக்கப்படும். அந்தப் பொது அடைவுகளுக்கு இது நல்ல விதி. ஆனால் உலகக் கோப்புறையில் 40 நாள் பழைய ஜர்னல் ஒன்று கிடந்தால் அது பழையது என்பதால் பயனற்றதாகிவிடாது. அத்தனை நாளும் யாரும் உலகத்தைத் திறக்கவில்லை என்பதே அதன் பொருள்.

உண்மையிலேயே பயனற்றவையும் உண்டு: பதிவேற்றம் பாதியில் அறுந்து விட்டுப்போன துண்டு, விரித்த பிறகும் கிடக்கும் சுருக்கக் கோப்பு போன்றவை. இவற்றுக்குச் 'சருகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பருவத்தைக் கண்ட தோட்டத்துக் குடும்பங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மரத்திலிருந்து விழுந்துவிட்டது, கூட்டலாம். விரைவுக்காகச் சேமித்துவைக்கும் தேக்ககக் (கேஷ்) கோப்புகளை இவற்றோடு கலக்கவேண்டாம். அவற்றை நீக்கினால் இழப்பு எதுவுமில்லை, மீண்டும் உருவாக்கும் நேரம் மட்டுமே செலவு. 'தேக்ககம்' என்ற பெயரே அவற்றுக்குப் போதும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வழங்கி திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்பை (லாக்) லினக்ஸில் நீக்கினால் பெயர்தான் போகும். வழங்கி அதை மூடும்வரை வட்டில் இடம் திரும்பாது. கோப்புறையில் உள்ள கோப்புகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் இடம் இருப்பதுபோலவும், வட்டைக் கேட்டால் நிரம்பியிருப்பதாகவும் வரும். பெயரற்று உயிரோடிருக்கும் இதை எச்சம் என்பதா, சருகு என்பதா? எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. நல்ல சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.

பலகையில் இடவிருக்கும் எச்சரிக்கை வரிகளை இப்போதைக்கு இவ்வாறு எழுதிவைத்திருக்கிறேன்: 'இவை எச்சக்கோப்புகள், வழங்கி தானே முடித்துக்கொள்ளும், நீங்கள் நீக்கவேண்டாம். கீழே உள்ளவை சருகுகள், நீக்கலாம்.' 'எச்சக்கோப்பு' என்பதைச் சேர்த்தே எழுதலாமா, 'எச்சக் கோப்பு' என்று பிரிப்பதா என்பதில் உங்கள் முடிவு தெரிந்ததும் பலகையில் ஏற்றிவிடுகிறேன்.