கல்லூரி உள்ளரங்க ஓட்டங்கள்: கணிப்பு பிசகிய அனுபவங்கள்

வைகைக்கரை

இதை எங்காவது இறக்கிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. 2017 மார்ச், காலேஜ் ஸ்டேஷன், என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பு) உள்ளரங்க சாம்பியன்ஷிப், சனிக்கிழமை ஆண்கள் மைல். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் நெடுந்தூர ஓட்டக்காரர் எட்வர்ட் செசரெக் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் முன்புதான் பாஸ்டனில் 3:52.01 ஓடியிருந்தார். அன்றைக்குக் கல்லூரி ஓட்டக்காரர்களில் உள்ளரங்க மைலை அவ்வளவு வேகமாக ஓடியவர் வேறு யாரும் இல்லை.

எங்கள் லேபில் நாலு பேர் ஆளுக்கொரு தாளில் முதல் மூன்று பெயர்களை எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டோம். மற்ற இரண்டு பெயர்களுக்குத்தான் யோசித்தேன். முதல் பெயரைக் கை தானாக எழுதியது.

4:03-இல் முடிந்த ஓட்டம் எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் வேகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நியூ மெக்சிகோவின் ஜோஷ் கெர், 19 வயதுப் பையன், முன்னால் போகிறார். இதோ செசரெக் வருவார், இதோ வருவார் என்று எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எத்தனை ஓட்டங்களில் பார்த்திருக்கிறேன், கடைசிச் சுற்றில் அவர் கியர் மாற்றுவதை! அன்று அது வரவே இல்லை. கெர் 4:03.22. பக்கத்தில் இருந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செசரெக் முந்தின நாள்தான் 5000 மீட்டர் ஓடி ஜெயித்திருந்தார். அதை நான் அதே இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். 25 சுற்று ஓடிய கால்கள் மறுநாள் மைலுக்கு வருகின்றன என்று தெரிந்தும் கணக்கில் எடுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

செம்பருத்தி

எனக்கு 2023 ஆல்புகெர்கி. மகள் உயர்நிலைப் பள்ளியில் ஓடுகிறாள், அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆறு மணி நேரம் காரில் போனோம். ஊர் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அதனால் மலைப்பக்கத்துக் கல்லூரிகள்தான் நெடுந்தூரத்தை அள்ளும் என்று வழி நெடுக மகளிடம் பாடம் நடத்தினேன். ஃபிளாக்ஸ்டாஃப், ப்ரோவோ, உள்ளூர்க்காரர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கடல் மட்டத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்தக் காற்றில் மூச்சு வாங்கும் என்றேன்.

அவள் கேட்டுவிட்டு, "எனக்கு டூயிதான்" என்றாள். நார்த் கரோலைனா ஸ்டேட்டின் கேட்லின் டூயி. ராலேயில் என்ன மலை இருக்கிறது?

டூயி 3000 மீட்டரை ஜெயித்தார். மூச்சு வாங்கும் என்று நான் சொன்னது பொய்யில்லை, கடிகாரம் கூடுதலாகத்தான் காட்டியது. ஆனால் எல்லோருக்கும்தானே அது கூடியது. ஆண்கள் 5000 டென்னசியின் டிலன் ஜேக்கப்ஸுக்கு, மைல் சியாட்டிலிலிருந்து வந்த லூக் ஹவுசருக்கு. என் பாடம் முழுக்கத் தப்பு.

எனக்கு மறக்காதது இதுதான். 3000 முடிந்து ஒரு பெண், பின்வரிசையில் முடித்தவர், எங்கள் தடுப்புக் கம்பிக்கு இரண்டடி தள்ளி வந்து குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். உதடெல்லாம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் பாட்டிலை வாங்கியும் குடிக்க முடியவில்லை, மூச்சு விட்டால்தானே குடிக்க! மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இவங்களை யாரும் கணிப்பில் எழுதியிருக்கவே மாட்டாங்க, இல்ல?" என்றாள்.

கணக்கு வாத்தியார்

வைகைக்கரை சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். களைப்புதான் காரணம் என்றால், மைலில் தோற்ற அதே நாளில் 3000 மீட்டரை செசரெக் எப்படி ஜெயித்தார்? மைல் மெதுவாகப் போனதுதான் காரணம். மெதுவாகப் போகும் மைல் என்பது கடைசி முந்நூறு நானூறு மீட்டருக்கான ஓட்டம். அங்கே 1500 மீட்டர் ஆளுக்குத்தான் சாதகம். கெர் பின்னாளில் 2023-இல் 1500 மீட்டர் உலக சாம்பியனே ஆனார். அன்று தோற்கடித்தது சாதாரண ஆள் இல்லை.

என் அனுபவம் சின்னது. 2025, வர்ஜீனியா பீச். பிப்ரவரியில் கேரி மார்ட்டின் பாஸ்டனில் 3:48.82 ஓடினார், அதே ஓட்டத்தில் ஈத்தன் ஸ்ட்ராண்ட் 3:48.32. சாம்பியன்ஷிப்பில் ஸ்ட்ராண்ட் 3000-க்குப் போய்விட்டார், ஆக மைல் மார்ட்டினுக்கு என்று நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். ஜெயித்தவர் ஜார்ஜ்டவுனின் ஏபெல் டெஃப்ரா. என் பட்டியலில் அவர் முதல் மூன்றில்கூட இல்லை. இதை நினைத்து ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

சரி, கணிக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். முதலில் தகுதிப் பட்டியலில், அதாவது அந்தப் பருவத்தின் சிறந்த நேரங்களை வரிசைப்படுத்திய பட்டியலில், இருக்கும் நேரம் எப்படி வந்தது என்று பாருங்கள். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் பாஸ்டனில் ஓடும் நேரங்கள் பேஸர் (முன்னால் ஓடி வேகம் கட்டிக் கொடுப்பவர்) வைத்து, நல்ல சரிவுள்ள 200 மீட்டர் தடத்தில், பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடியவை. சாம்பியன்ஷிப்பில் பேஸர் கிடையாது. ஸ்ட்ராண்டையே எடுங்கள், டிசம்பர் 2024-இல் 3000 மீட்டரை 7:30.15-இல் ஓடியவர், மார்ச்சில் பட்டம் வாங்கியது 7:52-இல். அதே ஆள், மூன்று மாதம், 22 விநாடி வித்தியாசம். அப்போது 7:40 ஆளும் 7:45 ஆளும் கடைசி இரண்டு சுற்று வரை அவரோடு சேர்ந்துதானே இருப்பார்கள்? அங்கே பட்டியல் நேரத்துக்கு என்ன மதிப்பு?

அடுத்தது வெளிப்பக்கம் ஓடும் செலவு. இதை யாரும் கணக்குப் போடுவதில்லை. இரண்டு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். தடத்தின் அகலம் 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சுற்று முழுக்க இரண்டாம் தடத்தில் ஓடினால் 2 பெருக்கல் 3.14 பெருக்கல் 0.9, அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டருக்கு மேல் கூடுதல். 7:50 வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.9 விநாடி. பத்துச் சுற்று ஒருவர் பக்கத்திலேயே ஓடினால் 9 விநாடி ஓடியே தீர்ந்துவிட்டது. ஆகவே யார் வேகமானவர் என்பதோடு, யார் வளைவுக்கு முன்னால் உள்பக்கம் வந்து உட்காருகிறார் என்றும் பாருங்கள். பழைய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும், சிலர் பழக்கமாகவே வெளியே ஓடுகிறார்கள்.

அப்புறம் யார் எத்தனை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கடைசி நேரத்தில் பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கு 16 பேர்தான். மேலே இருப்பவர் ஒருவர் விலகினால் 17-ஆவது ஆள் உள்ளே வருகிறார். வெள்ளிக்கிழமை டிஎம்ஆரில் (1200, 400, 800, 1600 மீட்டரை நாலு பேர் ஓடும் தொடர் ஓட்டம்) கடைசி 1600 ஓடியவர் சனிக்கிழமை 3000-க்கும் வருகிறாரா, மைலில் வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்றை எளிதாகத் தாண்டினாரா, மூச்சுத் திணறித் தாண்டினாரா, எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. வெறும் எண்ணை வைத்து முதலிடம் எழுதாதீர்கள்.

வைகைக்கரை

வாத்தியார் சார், 3000-ஐ ஜெயித்தது உண்மைதான். அதற்காக முந்தின நாள் 5000 காலில் இல்லை என்று ஆகிவிடாது. 3000 அவருடைய தூரம், களைத்த காலோடும் ஜெயிக்கலாம். மைலில் கடைசியில் தேவைப்பட்ட அந்த ஒரு துளி வேகம்தான் போயிருந்தது. நான் அங்கே நேரில் இருந்தேன்.

கணக்கு வாத்தியார்

நேரில் இருந்தால் காலுக்குள் இருப்பது தெரியுமா, தம்பி? நான் சொல்வது ஓட்டம் போன விதத்தை.

மணிச்சத்தம்

சண்டைக்கு நடுவில் என்னுடையதையும் போடுகிறேன். பெரிய போட்டி இல்லை, ஒரு சின்னக் கல்லூரியின் உள்ளரங்கம், சரிவு இல்லாத 200 மீட்டர் தடம். நான் தன்னார்வலராகச் சுற்று எண்ணும் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பெண்கள் 3000, பதினைந்து சுற்று. கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதும் என் வேலை. பித்தளை மணி, நாக்கில் கட்டிய கயிறு நைந்து திரிதிரியாக இருக்கும்.

முன்னால் இரண்டு பேர் ஒட்டி ஓடுகிறார்கள். யார் ஜெயிப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும், சடை போட்ட பெண்தான், கடைசிச் சுற்றில் அவரை யாரும் பிடிக்க முடியாது. அவர்கள் கோட்டுக்கு வரும்போது சரியாக அவர்களுக்கு முன்னால் ஒரு சுற்று பின்தங்கிய பெண் வந்துகொண்டிருந்தார். நான் அரை விநாடி முன்னால் கயிற்றை இழுத்துவிட்டேன். பின்தங்கிய பெண் மணி தனக்கு என்று நினைத்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். அந்தச் சுற்று முழுக்க முன்னால் இருந்த இருவருக்கும் குறுக்கேயே ஓடினார். கோட்டைத் தாண்டி, முடிந்துவிட்டது என்று முதல் தடத்திலேயே நின்றார். சடை போட்ட பெண் அவரைச் சுற்றி வெளியே போக, உள்ளே இருந்த இடுக்கு வழியாக மற்றவர் வந்து ஒரு அடி முன்னால் முடித்தார்.

சடை போட்ட பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மணியை மட்டும் ஒரு முறை பார்த்தார். அன்றிலிருந்து மணிக்கயிற்றை யார் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை.

செம்பருத்தி

மணிச்சத்தம், அந்தப் பின்தங்கிய பெண்ணுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்ததே, ஓடினாரா?

மணிச்சத்தம்

ஓடினார், அக்கா. யாரோ சொன்னதும் திரும்ப ஓடி முடித்தார். அழுதுகொண்டே.

மலைக்கோட்டை

நான் முதலில் இந்தப் போட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தது தேஜஸ்வின் சங்கருக்காக. 2018-இலும் 2022-இலும் கான்சாஸ் ஸ்டேட்டுக்காக வெளியரங்க உயரம் தாண்டுதல் பட்டம் வாங்கினார் அல்லவா, அந்த ஆர்வத்தில். அப்புறம் படிக்கிற கல்லூரியிலேயே தடகள அணிக்கு மாணவ உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை பெரும்பாலும் எக்ஸெல் தாள்.

சாம்பியன்ஷிப்புக்கு முந்தின வாரம் கோச் புள்ளிக் கணிப்புத் தாள் கேட்டார். முதல் எட்டு இடத்துக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1. பட்டியல் வரிசைப்படி எங்கள் ஆட்களுக்கு எத்தனை வரும் என்று போட வேண்டும். எங்கள் 3000 மீட்டர்க்காரர் பட்டியலில் 14-ஆவது. அவருக்கு 0 போட்டேன். பட்டியலில் பதினான்காவதாக இருப்பவருக்கு வேறு என்ன போடுவார்கள்?

தாளை அச்சிட்டு பேருந்தில் கோச்சின் இருக்கையில் வைத்திருந்தேன். அது சரிந்து கீழே விழுந்து கிடந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தவர் அந்த 3000 மீட்டர்க்காரர்தான். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது நீ போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன். பட்டியலை வைத்துத்தான் போட்டேன் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையசைத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போய்விட்டார். நான்கு மணி நேரப் பயணம். அவர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார், ஆனால் பாட்டு ஓடவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய போன் எனக்கு முன்னால் இருந்த சார்ஜரில்தான் இருந்தது.

சனிக்கிழமை ஓட்டம் மெதுவாகப் போயிற்று. வாத்தியார் சார் சொன்னது அப்படியே நடந்தது, கடைசி மூன்று சுற்று வரை பன்னிரண்டு பேர் ஒரே கொத்து. எங்கள் ஆள் முதல் தடத்தை விட்டு வெளியே வரவே இல்லை. அடைபட்டுக் கிடக்கிறார் என்று கோச் கத்துகிறார், அவரோ பொறுமையாக உள்ளேயே இருக்கிறார். கடைசி வளைவில் முன்னால் இருந்தவர்கள் வெளியே விரிய, அவருக்கு ஒரு வழி கிடைத்தது. ஏழாவது.

நீலாங்கரை

படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. என்னுடையது தலைகீழ், கணிப்பு பலித்தது. 2024, பாஸ்டன், பெண்கள் 5000, பார்க்கர் வால்பி. யாரைக் கேட்டாலும் அவர்தான் என்பார்கள். தனியாக முன்னால் போய் 14:52.79. இப்படி முன்னால் இருந்தே ஓடுகிறவர்களுக்குப் பட்டியல் நேரம் சரியாகவே பொருந்தும் என்று வாத்தியார் சாரின் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்குக் குறை ஒன்று இருக்கிறது. முடிவு தெரிந்த ஓட்டம் என்று, 25 சுற்றும் வால்பியையும் கடிகாரத்தையும் மட்டுமே பார்த்தேன். பின்னால் இரண்டாம் இடத்துக்கு நடந்த ஓட்டம் என் கண்ணிலேயே படவில்லை. காசு கொடுத்து உள்ளே போய், கண்முன்னால் நடந்ததைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன்.

வைகைக்கரை

மலைக்கோட்டை, ஏழாவது என்று எழுதி நிறுத்திவிட்டீர்களே. அவர் அப்புறம் ஏதாவது சொன்னாரா?

மலைக்கோட்டை

இல்லை அண்ணா. திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் வந்து நின்றார், தாள் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, தன் பெயருக்கு நேரே இருந்த 0-வை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 2 என்று எழுதினார். கீழே மொத்தத்தையும் கூட்டித் திருத்தினார். பேனாவை மூடி என் பையிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.