சீகல் 1963 வாங்குவதா, சிட்டிசன் புரோமாஸ்டர் டைவர் வாங்குவதா?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். வேலை நாள்களில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் குளத்துக்கும் கட்டிச் செல்ல ஒரே ஒரு கைக்கடிகாரம் வாங்க எண்ணியுள்ளேன். பழைய சீன விமானப்படைக் கடிகாரத்தின் மறுவெளியீடான சீகல் 1963, ஒளியில் மின்னேற்றம் பெறும் சிட்டிசன் புரோமாஸ்டர் பிஎன்0150 ஆகிய இரண்டில் மனம் முதலாவதன் பக்கமே சாய்கிறது. அது 30 மீட்டர் வரை நீர் புகாதது என்று விற்பனையாளர் குறிப்பிட்டிருக்கிறார். நான் நீந்தும் குளத்தின் ஆழமோ 2 மீட்டரைத் தாண்டாது. அப்படியிருக்க, 200 மீட்டர் தாங்கும் சிட்டிசன் எனக்கு எதற்கு?

பதில் 1:
அந்த 30 மீட்டர் என்பது, அசையாத கடிகாரத்தை அந்த ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் வைத்துப் பார்க்கும் சோதனையின் அளவேயன்றி, அதைக் கட்டிக்கொண்டு நீந்தலாம் என்பதற்கான உறுதிமொழி அன்று. கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் மழைத் தூறலையும் அது தாங்கும். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. சீகலுக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்: பக்கவாட்டில் உள்ள சாவித் திருகைத் தினமும் சுற்றச் சுற்ற, உள்ளே நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துகொண்டே வரும். அதிலுள்ள குரோனோகிராஃபின் (நிறுத்துகடிகார வசதியின்) இரண்டு பொத்தான்களும் நீர் புகக்கூடிய வழிகளே. சிட்டிசனிலோ திருகு மரையிட்டு இறுக்கப்படுகிறது; முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் இருட்டிலும் ஓடுவதால், நேரத்தையோ தேதியையோ திருத்தும் வேளை தவிர அதைத் திறக்கவே வேண்டியதில்லை.

பதில் 2:
நீரைப் பொறுத்தவரை மேலே உள்ளது சரி. ஆனால் சீகலை வெறும் பழைய தோற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1961-ல் சீன அரசு தன் விமானப்படைக்காகத் தியான்ஜின் கடிகார ஆலையிடம் ஒப்படைத்த பணிக்கென, சுவிட்சர்லாந்தின் வீனஸ் நிறுவனத்தின் 175 இயந்திரத்தைச் செய்யும் கருவிகள் வாங்கப்பட்டன. அந்த வழியில் வந்ததே சீகல் 1963-க்குள் ஓடும் இன்றைய எஸ்டி19 இயந்திரம். இந்த விலையில், சாவி கொடுத்து இயக்கும் குரோனோகிராஃப் வேறு கிடைப்பது அரிது. துல்லியத்தில் மட்டும் போட்டியே இல்லை: சிட்டிசன் மாதத்துக்கு 15 நொடிக்குள் நிற்கும், சீகல் ஒரு நாளிலேயே சில நொடிகள் முன்பின் ஆகும்.

பதில் 3:
டைவர் (முக்குளிப்போர்) கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரம், குறைந்தது 100 மீட்டர் கேட்பதோடு, இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும் என்றும் கேட்கிறது. மூழ்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துவைக்க முகப்பைச் சுற்றியுள்ள பெசல் என்ற வளையம் ஒரு திசையில் மட்டும் திரும்புவதும் காரணத்தோடுதான். எங்காவது இடித்து நகர்ந்தாலும், மூழ்கியிருந்த நேரத்தை அது கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. ஞாயிற்றுக்கிழமை நீந்துபவருக்கு இவையெல்லாம் மிகைதான் (நான் அந்தப் பெசலை இட்லி வேகும் நேரம் பார்க்கத்தான் பயன்படுத்துகிறேன்). எனினும், குளத்தங்கரையில் கழற்றி வைக்கும் எண்ணம் இல்லாமல் ஒரே கடிகாரம் என்று முடிவு செய்துவிட்டவருக்குச் சிட்டிசனைத்தான் சொல்வேன். அதன் அகலம் ஏறத்தாழ 44 மி.மீ. என்பதால், சீகலின் 38 மி.மீ. போலச் சட்டைக் கைக்குள் அடங்காது. மணிக்கட்டு மெலிந்ததானால் கடையில் கட்டிப் பார்த்தே வாங்குங்கள். மூழ்கு நேர வரம்புகள் அச்சிட்ட அதன் பட்டை அலுவலகத்தில் உறுத்தினால், 20 மி.மீ. அளவில் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.