ஆணியே அடிக்கவில்லை, அட்வான்ஸில் ஒரு மாத வாடகை ஏன் போகிறது?

வேளச்சேரிவாசி:
மாதம் 18,000 ரூபாய் வாடகையில் மூன்று ஆண்டுகள் இருந்த வீட்டை இம்மாதக் கடைசியில் காலி செய்கிறோம். அட்வான்ஸ் 90,000 ரூபாய். குடிவந்த அன்றே உரிமையாளர், “சுவரில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது” என்றார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கடிகாரம், குடும்பப் படங்கள், மகளின் அறையில் தொங்கிய விளக்குச் சரம் என அத்தனையையும் ஒட்டும் கொக்கிகளிலேயே மாட்டினோம்; கூடத்தின் ஒரு சுவரில் மட்டும், பின்தாளை உரித்து ஒட்டும் வகை வால்பேப்பரை ஒட்டினோம். நேற்று கழற்றியபோது, கொக்கியோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் அதனடியில் பூசிய பட்டியும் பெயர்ந்து வந்துவிட்டன. வால்பேப்பருக்குப் பின்னால் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. வீடு முழுவதும் பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார் உரிமையாளர். ஆணியே அடிக்காத எங்களுக்கு இது நியாயமா?

நங்கநல்லூர் மாடிவீடு:
நானும் வீட்டை வாடகைக்கு விடுபவன். ஆகவே எதிர்த்தரப்பிலிருந்து பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரைத்தான். மூன்று வருட வெயிலும் சமையல் புகையும் ஏறிய சுவரில், பெயர்ந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்தால், அதே நிறமாக இருந்தாலும் ஒட்டுப்போட்ட வேட்டியைப் போலத் தனியாகத் தெரியும். எனவே முழுச் சுவரையும் அடித்தாக வேண்டும். என் வீட்டில் முன்பு இருந்தவர்கள் மின்விசிறிக் கொக்கியில் ஊஞ்சலே கட்டிவிட்டார்கள். கூரைப் பூச்சு விண்டு விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். அட்வான்ஸ் என்று ஒன்றை வாங்கி வைப்பதே இத்தகைய நிலைமைக்காகத்தான்.

தூரிகை:
இருபது வருடங்களாகப் பெயிண்டிங் ஒப்பந்த வேலை செய்கிறேன். ஒட்டும் கொக்கி சுவருக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைதான் இங்கே தவறு. கொக்கியின் பசை பெயிண்டைத்தான் பிடிக்கிறது. பெயிண்ட் பட்டியைப் பிடிக்கிறது. பட்டி பூச்சைப் பிடிக்கிறது. இந்த வரிசையில் எது பலவீனமோ அது விடும், பசை விடாது. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் மலிவான டிஸ்டெம்பரை இரண்டு கை ஓட்டிய வாடகை வீடுகளில் அது எப்போதும் பெயிண்டாகத்தான் இருக்கும். உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால், அந்தச் சுவரில் எந்த ஸ்டிக்கரையும் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடுகாட்டிப் பசையை இளக்கிவிட்டு, இழுவைப் பட்டை உள்ள கொக்கி என்றால் பட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். முன்பக்கமாகப் பிடுங்கினால் பட்டியும் கூடவே வரும்.

இதற்கு மாறாக, ஆறு மில்லிமீட்டர் டிரில்லில் துளையிட்டு ரால்பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) வைத்து மாட்டிய ஒரு திருகாணியை எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பிளக்கைப் பிடுங்கி, பட்டியை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால், கண்ணில் படுவது சுண்டுவிரல் நகம் அளவு திட்டுதான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் மட்டும் துளையிடாதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். அனுமதியோடு போட்ட நான்கு துளைகள், அனுமதி தேவையில்லை என்று ஒட்டிய நாற்பது கொக்கிகளைவிட மலிவு.

நங்கநல்லூர் மாடிவீடு:
நான்கு துளைகள் நான்காகவே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்? எல்லோரிடமும் டிரில் இருப்பதில்லை. சுத்தியலை எடுத்துக் கான்கிரீட் ஆணியை நேராக அடிப்பார்கள், தட்டு அளவுக்குக் காறை பெயரும், அந்த இடத்தை ஒரு காலண்டரால் மறைத்துவிட்டுப் போவார்கள். நான்கு காலண்டர்களுக்குப் பின்னால் நான் பார்த்திருக்கிறேன்.

பத்தாவது வீடு:
இதுவரை பத்து வீடுகள் மாறியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இருவருமே சுவரை விட்டு வெளியே வர மறுக்கிறீர்கள். என் படங்கள் எல்லாம் புத்தக அலமாரியின் மேல்தட்டில் சாய்ந்து நிற்கின்றன. ஆளுயரக் கண்ணாடி, அடி வழுக்காமல் கீழே ரப்பர் விரிப்போடு, தரையில் சாய்ந்திருக்கிறது. கழற்றி மாட்டும் இரும்புக் கொலுப்படி பதினொரு மாதங்களுக்குச் செடித் தட்டாக இருந்துவிட்டு நவராத்திரிக்கு மீண்டும் படியாகிறது. ஜன்னல் கம்பியில் கட்டிய அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைவிட நல்ல திரையை நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

சட்டத்தையும் பாருங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம். வாடகைதாரர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. சுவருக்கு வெள்ளையடிப்பதையும், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவதையும் அதன் இரண்டாம் அட்டவணை உரிமையாளரின் கணக்கில்தான் எழுதியிருக்கிறது. குழாய்த் திருகு, சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவைதான் நம் கணக்கு.

நங்கநல்லூர் மாடிவீடு:
அம்மா, அந்த அட்டவணையோடு ‘ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டபடி’ என்ற சொற்களும் சட்டத்தில் இருக்கின்றன. பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது என்று கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சு வேறு. மேலும், மூன்று வருடத்தில் நிறம் மங்குவது தேய்மானம். வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பது தேய்மானம் ஆகாது.

தூரிகை:
வேளச்சேரி நண்பரிடம் ஒரு கேள்வி. அந்தக் கூடத்துச் சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது?

வேளச்சேரிவாசி:
குளியலறை. ஒப்பந்தத்தை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பெயிண்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தூரிகை:
அப்படியானால் பூஞ்சையை வால்பேப்பர் மட்டும் வரவழைக்கவில்லை. குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாயிலோ டைல்ஸ் இடுக்கிலோ கசிவு இருக்க வேண்டும். அந்த ஓதம் காற்றோடு போக வழியில்லாமல் பிளாஸ்டிக் தாள் அடைத்துவிட்டது. கரும்புள்ளிகள் தரைப்பக்கம் அடர்ந்து, மேலே போகப் போகக் குறைகின்றனவா என்று பாருங்கள்.

வேளச்சேரிவாசி:
ஆம். இடுப்பு உயரத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை.

நங்கநல்லூர் மாடிவீடு:
குழாய்க் கசிவு என்றால் அது உரிமையாளரின் பொறுப்புதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: சுவர் திறந்திருந்தால் முதல் மழைக்காலத்திலேயே ஓதம் கண்ணில் பட்டிருக்கும், ஒரு பிளம்பரோடு முடிந்திருக்கும். மூடி வைத்தது யார்? என் அடுத்த ஒப்பந்தத்தில் ஆணிக்குத் தடை போடுவதா, வால்பேப்பருக்குத் தடை போடுவதா என்று கேட்டால், இப்போது இரண்டாவதைத்தான் எழுதுவேன்.

பத்தாவது வீடு:
துளைகளின் எண்ணிக்கையையும் எழுதிவிடுங்கள் ஐயா. குடிவரும் நாளன்று ஒவ்வொரு சுவரையும் இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்து, அவரவர் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். என் ஆறாவது வீட்டில், முந்தைய குடும்பம் விட்டுப்போன ஓட்டைகளுக்கு நான் பணம் கட்டினேன்.

வேளச்சேரிவாசி:
இன்று மாலை உரிமையாளர் நேரில் வந்தார். குளியலறைக்குள் போய் அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுக் கூடத்துச் சுவரில் கையை வைத்துப் பார்த்தவர், நெடுநேரம் எதுவும் பேசவில்லை. முடிவில், அந்தச் சுவர் அவருடைய செலவு, கொக்கிகள் பெயர்த்த இரண்டு சுவர்கள் எங்களுடைய செலவு என்று பேசி முடித்தோம். பெயிண்டரை நாங்களே அழைத்துவந்து அடித்துக் கொடுத்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும் என்றார். பரணில் பழைய பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது. மூடியில் உள்ள ஷேடு எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் தெரிகின்றன. கடைசி இலக்கத்தின் மேல் பெயிண்டே வழிந்து காய்ந்திருக்கிறது. தூரிகை ஐயா, சுவரிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு சில்லைக் கடைக்குக் கொண்டுபோனால் நிறத்தைச் சேர்த்துக் கொடுப்பார்களா?

தூரிகை:
கொடுப்பார்கள். நாணயம் அளவுக்காவது முழுசாக உள்ள சில்லாக எடுங்கள். பீரோவுக்குப் பின்னால், வெயில் படாத இடத்திலிருந்து எடுக்காதீர்கள்.